நாலே கால் இஞ்ச் குழி

திருச்செங்கோட்டில் யாராவது ‘குழி’ என்று பேச்செடுத்தால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை அடி?” ஊர் வாகு அப்படி. நாட்டின் எந்த மூலையில் போர் போட்டாலும், அந்த ரிக் வண்டியின் கதவில் திருச்செங்கோடு என்று எழுதியிருந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆப்பிரிக்கா வரைக்கும் கப்பலேறிப் போன வண்டிகள் உண்டு. ஆறரை இஞ்ச் அகலத்தில் ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று பாறையைத் துளைத்தே வீடும் வாசலும் கட்டிய ஊர்.

அங்கிருந்தும், அக்கம்பக்கத்துச் சங்ககிரி, ராசிபுரம், நாமக்கல், சேலத்திலிருந்தும் இப்போது ஒரு புது ரகம் கிளம்பியிருக்கிறது. கோல்ஃப் மைதான விமர்சகர். ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. ஆட்டம் அவருக்கு ஒரு சாக்கு. தாலி கட்டும்போது மண்டபத்துக்கு வெளியே நின்றுவிட்டுப் பந்தியைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசும் உறவினர் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பாரே, அந்த வம்சம்.

ரிக், லாரி, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை என்று ஏதாவது ஒன்று அவர் பெயரில் இருக்கும். “பையன் பார்த்துக்கறானுங்க” என்று அவரும், “அப்பா ஆபீஸ் பக்கம் வராம இருந்தாப் போதும்” என்று பையனும் சொல்ல ஆரம்பிக்கிற வருஷத்தில் வீட்டுக்குள் ஒரு கோல்ஃப் பை வந்து சேர்கிறது. பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. அவர் பையில் சரியாக 14 இருக்கும். பதினொன்றுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரித்திருக்காது. வேட்டியோடு உள்ளே விடாத மைதானத்துக்கு எடுத்த எடுப்பிலேயே அரை மார்க் குறைத்துவிடுவார். எந்த மைதானமும் வேட்டியோடு விடுவதில்லை என்பதால் அந்த அரை மார்க் எல்லோருக்கும் பொது.

நாம் பார்க்கப் போகிறவர் ரிக்காரர். இவருக்கு ஞானம் வந்த தேதி 2021 ஆகஸ்ட் 7. அன்று காலை டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் கடைசிச் சுற்று ஆடிக்கொண்டிருந்தார். கோல்ஃப் என்றால் காரா, ஆட்டமா என்று கேட்டுக்கொண்டிருந்த தேசமே பல் விளக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு அடியில் வெண்கலம் கைநழுவி, அதிதி நான்காவதாக வந்தார். மற்றவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுக் குளிக்கப் போனார்கள். ரிக்காரரால் முடியவில்லை. ஒரு அடியில் போவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். ‘போதும், நிறுத்து’ என்று தோட்டக்காரர் சொன்ன இடத்துக்குக் கீழே தண்ணீர் இருந்த கதைகள் அவரிடம் ஒரு லாரி லோடு உண்டு.

“அந்தப் பொண்ணுக்கு அவங்கம்மாதான் பை தூக்கினாங்க, தெரியுமா?” என்று மனைவியிடம் சொன்னார். உண்மைதான், டோக்கியோவில் அதிதிக்குக் கேடியாக இருந்தது அவருடைய அம்மா. மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஏனுங்க, அந்தம்மா மகளுக்குத் தூக்கினாங்க. உங்களுக்கு வேணும்னா அத்தையக் கூட்டிட்டுப் போங்க.”

ஆட்டத்தை ஊராருக்கு விளக்கும் முறையும் தனி. “நம்ம நாமக்கல் ஆஞ்சநேயர் பதினெட்டு அடி. அங்க பதினெட்டுக் குழி. அவ்வளவுதானுங்க வித்தியாசம்.” கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் ஆஞ்சநேயர் வந்துவிட்டதால் தலையாட்டித்தான் ஆகவேண்டும்.

குழியின் அளவு தெரிந்தபோதுதான் அவருக்குத் தூக்கம் போனது. நாலே கால் இஞ்ச் அகலம், ஆழம் குறைந்தது நாலு இஞ்ச். ஸ்காட்லாந்தில் மஸல்பரோ என்ற ஊரில் 1829 வாக்கில் குழி வெட்ட ஒரு கருவி செய்தார்களாம். கையில் கிடந்த வடிகால் குழாய்த் துண்டின் அகலம் நாலே கால் இஞ்சாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டார்கள் என்று கதை சொல்வார்கள். 1891-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் அதையே சட்டமாக்கிவிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க எல்லாக் குழிக்கும் அதே அளவு. “ஒரு கேசிங் பைப்புத் துண்டு! அதை வெச்சு உலகத்தையே ஆட்டி வெக்கறானுங்க. நாமளும் வாழ்நாள் பூரா பைப்பு இறக்கறோம், ஒருத்தன் மதிக்கிறானா?”

பந்து இன்னொரு பஞ்சாயத்து. நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கும் மச்சான் அதை வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தராசில் போட்டார். 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோல்ஃப் பந்தின் சட்டம். மச்சான் உதட்டைப் பிதுக்கினார். “புல்லட் முட்டை சைஸ்தான் மாப்ள. ரேட்டு எடுபடாது.” கோழி இட ஆரம்பித்த புதிதில் வரும் பொடி முட்டைக்குப் பண்ணையில் அதுதான் பெயர். ஒரு பந்தின் விலையைக் கேட்டதும் அன்றைய முட்டை விலையால் வகுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். வாசலில் நின்று ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். வரையறுத்த அடிகளில் ஒன்று குறைத்து முடித்தால் ‘பேர்டி’, இரண்டு குறைத்தால் ‘ஈகிள்’, மூன்று குறைத்தால் ‘அல்பட்ராஸ்’. “குருவி இருக்குது, கழுகு இருக்குது, கடல் பறவைகூட இருக்குது. கோழி எங்க?” இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் புகழ்பெற்ற அகஸ்டா மைதானத்தை மூடி, புல்வெளியில் மாடும் வான்கோழியும் வளர்த்தார்கள் என்று அவருக்கு யாராவது சொல்லலாம். சொன்னால், மூடியதுதான் அந்த மைதானத்தின் நல்ல காலம் என்பார்.

சமவெளியில் புல் இல்லை என்பதால் விமர்சகர் முதலில் மலையேறினார். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. பந்து போகும் பாதையில் காட்டுமாடு வந்து நிற்பது அங்கே சாதாரணம். திரும்பி வந்து ஒரு கல்யாணப் பந்தியில் தீர்ப்புச் சொன்னார்: “மாடு பத்துக்குப் பத்து. மத்ததெல்லாம் ஆறு.” ஊட்டிக்கு இன்னும் குறைவு. “மழை பெய்யற ஊர்ல புல்லு வளத்தறது ஒரு திறமைங்களா? மல்லசமுத்திரத்துல வளத்திக் காட்டச் சொல்லுங்க பாக்கலாம்.”

இந்த வாக்கியத்தில்தான் அவருடைய விமர்சனக் கோட்பாடு முழுவதும் இருக்கிறது. மற்றவர்கள் மைதானத்தில் காற்றையும் சரிவையும் பார்ப்பார்கள். இவர் பார்ப்பது தண்ணீரை. பதினெட்டுக் குழி என்றால் நூறு ஏக்கருக்கு மேல் புல். எத்தனை போர், எந்த ஆழம், எத்தனை இஞ்ச் வருகிறது, கோடையில் என்ன செய்கிறார்கள்? இந்த நாலு கேள்விக்கும் விடை கிடைக்காமல் அவர் மட்டையைத் தொட்டதில்லை. மானாவாரிக் காட்டில் கடலைக்கும் சோளத்துக்கும் வானத்தைப் பார்த்தே வளர்ந்தவர், ஆடு மாடு எதுவும் மேயாத நூறு ஏக்கர் பச்சையைக் கண்டால் வேறு எதைக் கேட்பார்?

பிறகு கடற்கரை. கோவாவின் தெற்குக் கோடியில் காணகோண் பக்கம் கடலை ஒட்டி ஒன்பது குழி மைதானம் ஒன்று உண்டு. அதையே இரண்டு முறை சுற்றினால் பதினெட்டு. இப்படி ஆடுவது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். “ஒரே போருக்கு ரெண்டு பில்லு போட்டா நம்ம ஊர்ல உடுவாங்களா?” என்றார். மீன் வறுவலுக்கு ஒன்பது மார்க் கொடுத்தார். அன்றைக்கு அவர் தொலைத்த பந்துகளும் ஒன்பதுதான். அது அறிக்கையில் இடம்பெறவில்லை.

திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்தபோது அவர் கொஞ்சம் இளகினார். 1879-இல் தொடங்கிய ராயல் கொழும்பு மைதானத்தின் நடுவே களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை போகிறது. மட்டையை ஊன்றிக்கொண்டு ரயில் கடக்கும்வரை நின்றார். லெவல் கிராசிங்கில் நின்றே பாதி ஆயுசைக் கழித்த லாரிக்காரர்களின் ஊரிலிருந்து வந்தவருக்கு அது சொந்த மண்ணாகவே தோன்றியிருக்க வேண்டும். முதன்முறையாக எட்டு மார்க்.

அங்கிருந்து தென்கரைக்கு, அம்பாந்தோட்டை. கடலோரமாக 2016-இல் திறந்த பதினெட்டுக் குழி மைதானம். இலங்கையின் வறண்ட மூலை அது. உப்பளங்களும் வேலிக்காத்தான் முள்ளும் உண்டு. காரிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “இது நம்ம காடு மாதிரியே இருக்குதுங்களே! இங்கெப்படிப் புல்லு?”

மைதானத்தில் அவருக்கு வாய்த்த கேடி கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். அடிக்க வேண்டிய இடத்தில் விமர்சகர் குந்த வைத்து உட்கார்ந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். கேடி பொறுமையாக நின்றார். இதைவிட விநோதமான சடங்குகளை அவர் பார்த்திருப்பார்.

“தண்ணி உப்புங்களா?”

“சேர், காத்து இடப் பக்கம். கொஞ்சம் வலது பார்த்து அடியுங்க.”

“அது கெடக்கட்டும். உப்புத் தண்ணிக்குப் புல்லு கருகாதா?”

கடலோர மைதானங்கள் பலவற்றில் பாஸ்பலம் என்றொரு புல்லைப் போடுகிறார்கள். உப்புக் கலந்த தண்ணீரையும் தாங்கும். கேடி இதைச் சொன்னதும் விமர்சகர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு டயரியை எடுத்தார். ஆயிரம் அடிக்குக் கீழே சப்பைத் தண்ணீர் வந்து தலையில் கைவைத்த தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் அவர் கண்முன் வந்து போனார்கள். “ஆடு திங்குமா?” என்று கேட்டார். கேடிக்கு அது தெரியவில்லை. கேள்வியில் தப்பில்லை. ஸ்காட்லாந்துக் கடற்கரை மணல்மேட்டில் இந்த ஆட்டம் வளர்ந்தபோது புல்லைக் கத்தரித்தது ஆடுகள்தான். காற்றுக்கு ஒதுங்கி அவை படுத்த பள்ளங்கள்தான் பிற்பாடு மணல் குழிகளாயின என்று சொல்வார்கள். மேச்சேரி ஆடு நாலு உருப்படி இருந்தால் மைதானத்துக்கு மெஷின் செலவு மிச்சம் என்பது இவர் முன்பே எழுதிவைத்த பரிந்துரை.

கடைசியில் அடிக்கவும் அடித்தார். பந்து இடப் பக்கம் வளைந்து கடலைப் பார்த்துப் போனது. “காத்து சரியில்லை” என்று குறித்துக்கொண்டார். கேடி பக்கம் திரும்பவில்லை. கேடிகளுக்குத் தெரிந்தது பைக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டால் ஊரில் விமர்சகர்களே இருக்க மாட்டார்கள். பெங்களூரில் கேடியாக இருந்து ஆட்டத்துக்கு வந்த சி. முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பனையே வென்றவர்.

பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கடைசிக் கட்டமான புட்டிங்கில்தான் கேடி உண்மையாகவே திகைத்துப் போனார். குழிக்குப் பதினைந்து அடி தூரம். சரிவு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். விமர்சகர் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். கொழும்பிலேயே வாங்கி வைத்திருந்தார். குடுமி முன்னால் இருக்கும்படி உள்ளங்கையில் படுக்க வைத்து, கண்ணை அரைவாசி மூடி, பந்துக்கும் குழிக்கும் நடுவே மெல்ல நடந்தார். ஊரில் நீரோட்டம் பார்க்கிறவர்கள் நடக்கிற அதே நடை. ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே குதிகாலால் ஒரு கோடு கிழிக்கப் போனவரைக் கேடி பாய்ந்து தடுத்தார். அந்தப் புல்லில் கோடு கிழித்தால் கேடிக்கு வேலை போகும்.

பந்து குழிக்குள் விழவில்லை. ஆனால் தேங்காய் நின்ற இடத்துக்குக் கீழே நீர் இருக்கிறது என்பதில் அவருக்கு இன்றும் சந்தேகமில்லை. அம்பாந்தோட்டைக்கு ஒன்பது மார்க்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மனையைச் சமப்படுத்தினார். தண்ணீர் இல்லாத பழைய இந்திய மைதானங்கள் பலவற்றில் புல்லுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலை இறுக்கிப் பரப்பி ஆடியிருக்கிறார்கள். பச்சையாக இல்லாததால் அதற்கு ‘பிரவுன்’ என்று பெயர். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்தே அவருக்கு ஒரு வேகம். மணலுக்கும் பஞ்சமில்லை, ரிக் வண்டியிலிருந்து இறக்கிய பழைய எண்ணெய்க்கும் பஞ்சமில்லை. ஒரு பைப்புத் துண்டை நாலே கால் இஞ்சுக்குக் கடைந்து வாங்கி, மண்டியிட்டு, வாழ்க்கையிலேயே மிக ஆழம் குறைந்த குழியைத் தன் கையாலேயே போட்டார்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு வரப்பு மேலேயே நின்று பார்த்தார்.

“என்ன தம்பி, போரா?”

“ஆமாங்க, ஒரு குழி. நாலு இஞ்ச்சுங்க.”

பெரியவரின் கையிலிருந்து துண்டு நழுவியது. “நாலு இஞ்ச் தண்ணியா! எத்தனை அடியிலப்பா?”