எச்சில் இலை ஆராய்ச்சி

தாம்பரத்துக்காரர்களுக்கு அருங்காட்சியகம் என்றால் எழும்பூர். அதுவும் பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப்போய்த் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டியதோடு சரி. அதற்குப் பிறகு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் வண்டலூர்தான். புலி தூங்குவதைப் பார்க்க ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நின்று போவோமே தவிர, வேளச்சேரி பக்கம் பஸ் ஏறித் தரமணியில் இறங்கிப் பழைய நாடக நோட்டீஸ் பார்க்கலாம் என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. இதே நோட்டீஸுக்காக அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் விமானம் பிடித்து மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. ஆனாலும் வருகிறார்கள் என்றால் காரணம் இருக்க வேண்டும். என் கட்சி இதுதான்: நிகழ்கலையைப் பற்றி நம்பகமாகப் பேசுவது, யாரும் மதிக்காமல் விட்ட குப்பைக் காகிதம் மட்டுமே. மதித்துப் பாதுகாத்தவை எல்லாம் கொஞ்சம் பொய் சொல்லும்.

கச்சேரியும் நாடகமும் சாப்பாடு மாதிரி. பரிமாறிய இடத்திலேயே தீர்ந்துவிடும். மிஞ்சுவது எச்சில் இலை. ஆனால் விவரம் தெரிந்தவர் இலையைப் பார்த்தே என்ன போட்டார்கள், எது மிஞ்சியது, யார் பாதியில் எழுந்து போனார்கள் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட இலைகளைச் சேர்த்தவர், செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா செட்டியார். பெயர்ப் பலகை எழுதும் தொழில். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று கண்ணில் பட்ட காகிதத்தை எல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் இறந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையில் வைத்தது. 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. இன்று தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக் வளாகத்தில் இருக்கிறது.

ஒரு பழைய ஸ்பெஷல் நாடக நோட்டீஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். தொட்டால் ஒடிகிற மெல்லிய காகிதம். உச்சியில் சாமி பெயர். அதன் கீழே ராஜபார்ட் பெயர் கொட்டை எழுத்தில், ஸ்திரீபார்ட் பெயர் அதற்குச் சற்றும் குறையாத எழுத்தில். யார் பெயர் பெரிது என்று அச்சகத்தில் ஒரு பஞ்சாயத்தே நடந்திருக்கும். அடியில் நாற்காலி, பெஞ்சு, தரை என்று கட்டண விவரம்; பெண்களுக்குத் தனி இடம் உண்டு என்ற உறுதிமொழி. தேதியும் கிழமையும் இருக்கும். பலவற்றில் ஆண்டு மட்டும் இருக்காது. நாடகம் பார்க்க வருகிறவனுக்கு இது எந்த வருஷம் என்று தெரியாதா என்று அச்சடித்தவர் நினைத்திருக்கிறார், நியாயம்தான். ஆகவே ஆராய்ச்சியாளர் ஜோசியர் ஆகிறார். ஒரே தேதியும் ஒரே கிழமையும் ஐந்து, ஆறு, பதினொன்று என்ற ஆண்டு இடைவெளிகளில் திரும்பத் திரும்பச் சேரும். நோட்டீஸில் நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா பெயர் இருந்தால் அவர் காலமான 1933 டிசம்பருக்குப் பிந்தையதாக இருக்க முடியாது. அவரோடு சேர்ந்து நடித்த கே.பி.சுந்தராம்பாளும் கூட இருந்தால் வட்டம் இன்னும் சுருங்கும். ஒரு வருஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு பகல் போய்விடும். நடிகர்கள் எழுதிய தன் வரலாற்று நூல்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் ஆண்டு தெளிவாக இருக்கும், எல்லா நாடகத்துக்கும் கொட்டகை நிரம்பி வழிந்திருக்கும். தரை டிக்கெட்டைப் பாதி விலைக்கு இறக்கியதை நோட்டீஸ்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு நேர்மையான சாட்சி போலீஸ். 1876-இல் வெள்ளைக்கார அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. அதன் புண்ணியத்தில் நம் நாடகத்துக்கு மிகுந்த சிரத்தையுள்ள ரசிகர்கள் கிடைத்தார்கள். எந்தப் பாட்டுக்குக் கைதட்டல் அதிகம் என்பதைக் குறித்துக்கொள்வது அவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய வேலை. நாடக நடிகர் விசுவநாததாஸ் கொக்கைப் பாடுவதாகச் சொல்லி வெள்ளைக்காரனைப் பாடினார். பல முறை சிறைக்குப் போனார். கடைசியில் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் ‘வள்ளி திருமணம்’ மேடையிலேயே முருகன் வேடத்தில் உயிர்விட்டார். ஆய்வாளர் சு.தியடோர் பாஸ்கரன் 1981-இல் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ எழுதியபோது இப்படிப்பட்ட அரசாங்கக் கோப்புகள் கைகொடுத்தன. பிடிக்கப் போனவர்கள் எழுதி வைத்ததை, ரசிக்கப் போனவர்கள் எழுதி வைக்கவில்லை.

எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே என்பார்கள். எல்லாம் இல்லை. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ ஓடியதும் அதே ஆண்டில். ரயில் இன்னும் ஓடுகிறது; படத்தின் பிரதி ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்துப் படம் பலவற்றுக்கு இன்று மிஞ்சியது பாட்டுப் புத்தகம்தான். அதிலும் கதைச்சுருக்கம் முக்கியமான கட்டத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று கைகூப்பிவிடும். காண வெள்ளித்திரை ஏது? அப்படியானால் இருப்பதை எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. போடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் கணினியில் தேட, எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். நம் பழைய நோட்டீஸில் பாதி ஸ்ரீ என்று தொடங்கும். மீதி சங்கீத வித்வான் என்று தொடங்கும். பெயருக்கு வருவதற்குள் நாலு பட்டம் தாண்ட வேண்டும். கட்டைப் பிரித்துப் புரட்டுகிறவருக்குத்தான் தேடாதது கிடைக்கும்.

கலை குருவின் தொண்டையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் 1996-இல் திறக்கப்பட்டது. பெயர்த்துக் கொண்டுவந்த வீடுகளுக்கு நடுவே கலைஞர்கள் நேரில் ஆடிக் காட்டும் இடம். அங்கேயும் நூலகமும் படத் தொகுப்பும் வைத்திருக்கிறார்கள். விடிய விடிய ஆட வேண்டிய தெருக்கூத்தை எந்த அருங்காட்சியகத்திலும் மூடும் நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். விட்டுப்போனது எது என்று கேட்க வேறு சாட்சி வேண்டாமா?

காப்பகம் என்றாலே கெடுபிடி என்று தயங்குவார்கள். உண்மைதான். பையை வெளியே வை, பேசாதே, பேனா கூடாது, பென்சில்தான். அறுபது வயதுப் பேராசிரியரும் ஒன்றாம் வகுப்புக்குத் திரும்புகிறார். ஸ்லிப் எழுதிக் கொடுத்துவிட்டு, கேட்ட கட்டு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மை ஒரு சொட்டு விழுந்தால் அழிக்க முடியாது என்பதால் பென்சில் விதியை நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

குரோம்பேட்டை, நங்கநல்லூர், செலையூர் வீடுகளின் பரணில் சபா நோட்டீஸும் அரங்கேற்ற அழைப்பிதழும் கோயில் திருவிழாப் பட்டிமன்றத் துண்டறிக்கையும் இன்னும் கட்டுக் கட்டாக இருக்கின்றன. பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் ஒரு நூலகத்துக்குப் போன் செய்யுங்கள். கொடுக்க மனமில்லை என்றாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஆண்டை மட்டும் எழுதி வையுங்கள், பென்சிலால்.