கொரியா போடிக்கு வந்திருந்தால்?

கேள்வி: நவி மும்பையைத் திட்டமிட்ட சார்லஸ் கொரியாவிடம், எங்கள் போடிமெட்டுச் சரிவில் ஒரு ரிசார்ட் கேட்டிருந்தால் கட்டிக் கொடுத்திருப்பாரா?
- ஏலக்காய் வியாபாரி ஒருவர், போடிநாயக்கனூர்

பதில்: கொடுத்திருப்பார். உங்களுக்குத்தான் பிடித்திருக்காது. “என்ன சார், ரோட்டிலிருந்து பார்த்தால் கட்டடமே தெரியலையே, போர்டை எங்கே மாட்டுறது?” என்று சண்டைக்குப் போயிருப்பீர்கள். 1969-74இல் கேரளத்துக் கோவளத்தில் அவர் கட்டிய கடற்கரை விடுதியைப் பாருங்கள். குன்றை வெட்டிச் சமமாக்கவில்லை. சரிவோடு சரிவாக அறைகளைப் படியிறக்கிவிட்டார். நிழல் மரத்தை விட்டுவைத்து, அதற்கடியில் ஏலச்செடி நடுகிற உங்கள் ஊருக்கு இது தெரியாத வித்தையா? ஜேசிபி வாடகைக்குக் கிடைக்கும்வரை தெரிந்திருந்தது.

நவி மும்பையா? மும்பையை வடக்கே இழுத்துக்கொண்டே போகாதீர்கள், கடலுக்கு அந்தக் கரையில் புது ஊர் போடுங்கள் என்று 1960-களிலேயே சிரிஷ் படேல், பிரவினா மேத்தா இருவரோடும் சேர்ந்து சொன்னவர். 1970 முதல் 74 வரை அதற்குத் தலைமைக் கட்டடக் கலைஞர். ஊர் வந்தது. கூடவே வர வேண்டிய அரசுத் தலைமைச் செயலகம் மட்டும் தென்மும்பையை விட்டு நகரவேயில்லை. அமைச்சர்களுக்குத் தண்ணீரில் கண்டம் போலும்!

எனக்குப் பிடித்தது நவி மும்பையின் பேலாப்பூரில் 1980-களில் அவர் அமைத்த குடியிருப்பு. ஏழு வீட்டுக்கு ஒரு முற்றம். குடும்பம் பெருகினால் அவரவர் இஷ்டப்படி கூட்டிக் கட்டிக்கொள்ளலாம். ஏனென்றால் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரே கிடையாது. நம் பக்கத்து சிவில் வக்கீல்கள் கேள்விப்பட்டால் ஸ்டே வாங்கியிருப்பார்கள்.