தீர்மானம் பெரியப்பா

திருமானூர் கடைவீதியில் காலை ஆறரை மணிக்கு டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிப்பவர்கள் இரண்டு ரகம். முதல் பக்கத்தில் டெல்லியையும் கடைசிப் பக்கத்தில் கிரிக்கெட்டையும் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பவர்கள் ஒரு ரகம். நடுத்தாளை உருவி, மாவட்டச் செய்திகளின் மூலையில் ‘நகர்மன்றக் கூட்டத்தில் காரசார விவாதம்’ என்று நாலு வரி வந்திருக்கிறதா என்று தேடுபவர் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகத்தில் பெஞ்சுக்கு ஒருவர்தான் தேறுவார்.

திருமானூர் என்றில்லை, ஒன்றியத்தில் எந்த ஊராட்சிக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். வயது அறுபதுக்கு மேல். ஏதோ ஒரு அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒன்று குறிப்பெடுக்க, மற்றது கிராம சபையில் கையெழுத்துப் போட வருபவர்களுக்கு இரவல் கொடுக்க. கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. ஊர் வைத்த பெயர் ‘தீர்மானம் பெரியப்பா’. கூப்பிடும்போது மட்டும் பெரியப்பா, முதுகுக்குப் பின்னால் வெறும் தீர்மானம்.

மஞ்சள் பையில் 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப் புத்தகம் அட்டை கிழிந்து கிடக்கும். அதனோடு, வீடு கட்டிய நாளிலிருந்து இன்று வரை கட்டிய வீட்டு வரி ரசீதுகள் தேதி வாரியாகக் குத்தூசியில். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு எப்போதும் நாலைந்து இருப்பில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட அதுதான் கட்டணம், முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும். மற்றவர்கள் தீபாவளிக்கு நாள் எண்ணுவது போல இவர் அந்த முப்பதை எண்ணுவார்.

ஊருக்குத் திருவிழா வருஷத்துக்கு ஒன்று என்றால் இவருக்கு ஆறு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலாக இருந்த கிராம சபையோடு, 2022இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஐயும் உள்ளாட்சி நாளான நவம்பர் 1ஐயும் அரசு சேர்த்தது. அந்த அறிவிப்பு வந்த அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னதாகப் பெரியம்மா புகார் சொல்வார். 2020 அக்டோபர் 2 கூட்டம் கொரோனாவால் ரத்து என்று முந்தின நாள் தகவல் வந்தபோது இவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதும் அவர் சொன்னதுதான்.

கூட்டத்துக்கு முதலில் வந்து கடைசியில் போவார். வந்ததும் தலை எண்ண ஆரம்பிப்பார். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வர வேண்டும். 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்தக் கணக்கு அவருக்கு வாய்ப்பாடு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்ததும் எண்ணிக்கை ஏறும். பாதிக் கூட்டத்தில் அவர்கள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டால் இறங்கும். உடனே எழுந்துவிடுவார். “பற்றாளர் ஐயா, கோரம் இல்லை.” கூட்டத்தைப் பார்வையிட வந்த அதிகாரியான பற்றாளர் தலையில் கை வைப்பார். வெளியே போய் ஆள் கூட்டிவரும் வேலை டேங்க் ஆபரேட்டர் தலையில் விழும்.

கொள்ளிடக் கரையில் கூட்டம் போட்டால் மணல் பற்றிப் பேச்சு எழாமல் இருக்காது. ஆளாளுக்குக் கத்துவார்கள். இவர் ஒருவர்தான் கையை உயர்த்தி, “இது எந்தப் பொருள் எண்ணில் வருது?” என்று கேட்பார். கோபத்தில் இருப்பவனிடம் பொருள் எண் கேட்டால் கோபம் யார் பக்கம் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊராட்சியில் வீட்டு வரி பெரிய தொகை இல்லை. பலருக்கு அது வரி என்பதைவிட ரசீது. மின் இணைப்புக்கு மனுப் போடும்போது, பாங்கில் கடன் கேட்கும்போது, பெயர் மாற்றும்போதுதான் நினைவுக்கு வரும். நாலு வருஷ நிலுவையோடு ஓடிவந்து, “பெரியப்பா, கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று நிற்பார்கள். 2023இலிருந்து ஊராட்சி வரியையும் இணையத்தில் கட்டலாம். ஆனால் செல்போனில் வரும் ரசீதை இவர் ஒத்துக்கொள்வதில்லை. குத்தூசியில் எப்படிக் குத்துவது?

இவருடைய புலமை முழுதாக வெளிப்பட்டது ஊரில் அல்ல, அரியலூரில். மகளைக் கட்டிக்கொடுத்த இடம். ஊராட்சிக்கு வீட்டு வரி, நகராட்சிக்குச் சொத்து வரி. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நாற்பத்தொன்றாம் நாள், ஏப்ரல் 1ஆம் தேதி, சொத்து வரிச் ‘சீராய்வு’ அறிவிப்பு வந்தது. தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்தவர்களும் உண்டு. உயர்வு என்ற சொல்லை அரசு சொல்லாததில் இவருக்குத் தனி ரசனை. “சலூன்லயும் சீர் பண்றேன்னுதான் சொல்றான். எழுந்திருக்கிறப்ப தலை காலியா இருக்கும்.”

நகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம் உயர்வு. 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய பகுதிகளில் இது 150 வரை போனது. பட்டியலைப் பார்த்த மறுநாளே பெரியப்பா டேப்போடு அரியலூர் பஸ் ஏறினார்.

முன்னறிவிப்பில்லாமல் வந்து, காப்பிகூடக் குடிக்காமல், மகள் வீட்டைக் கூடம் கூடமாக அளந்தார். சம்பந்தி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மருமகளின் அப்பா வீட்டை அளக்கிறார் என்றால் எந்தச் சம்பந்திக்கும் ஒரே ஓர் அர்த்தம்தான் தோன்றும். அன்று மத்தியானச் சாப்பாடு பேச்சு மூச்சில்லாமல் நடந்தது. உள்ளளவு 1,130. பெரியப்பா சிரித்தார். ஒரு வாரம் கழித்து வந்த பில் கலெக்டர் வெளிச்சுவரோடு சேர்த்து அளந்ததில் 1,206. ஆறு சதுர அடியில் 50 சதவீதம் 75 ஆகப் பார்த்தது.

மறுபடி பஸ். சுவரின் கனம், அரை அங்குலப் பூச்சு, தொய்ந்து கிடந்த டேப் என்று மூன்று பக்கத்துக்கு ஆட்சேபணை எழுதினார். ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் அவகாசம் இருந்தது. இவர் மூன்றாம் நாளே கொடுத்துவிட்டார். திரும்ப அளந்தார்கள், டேப்பின் ஒரு முனையை இவரே பிடித்துக்கொண்டார். 1,198. சம்பந்தி அன்றுதான் வாய் திறந்து, “இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க சம்பந்தி” என்றார். கிளம்பும்போது மகளிடம் பெரியப்பா சொன்ன அறிவுரை இன்றும் அந்த வீட்டில் அமலில் இருக்கிறது: வெளிச்சுவரில் டைல்ஸ் ஒட்டக் கூடாது.

வரி ஏன் ஏறியது என்று டீக்கடையில் விளக்கக்கூடியவரும் இவர்தான். என்.கே.சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு, நகரங்களுக்கு மத்திய மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு வரி வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. “சிங்குக்கும் என் மச்சினன் வீட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார் கீரைக்கட்டோடு நின்ற ஒருவர். அதற்கும் இவரிடம் பதில் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. 2018 ஜூலையில் ஏற்றிய வரி 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது, நிறுத்திவைக்கப்பட்டதையும் நினைவூட்டுவார். 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டபோது, சென்னையில் ஒரு சதுர அடிகூட இல்லாத இவர் இரண்டு நாள் தூங்கவில்லை.

ஒருமுறை கல்லூரிப் பையன் ஒருவன் வாயைக் கொடுத்தான். “பெரியப்பா, நம்ம கங்கைகொண்ட சோழபுரத்து ராஜா குலோத்துங்கன் வரியையே தூக்கினவன். சுங்கம் தவிர்த்த சோழன்!” பெரியப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “தம்பி, தவிர்த்தது சுங்கத்தைத்தான், நில வரியை இல்லை. 1086இல் நிலத்தை அளக்கச் சொன்னவனும் அவன்தான்.” அளக்கிறவன் எவனும் சும்மா அளப்பதில்லை என்பது அரியலூர் டேப் கற்றுக்கொடுத்தது. அதே மூச்சில் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் போய்விட்டார். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவன் பெயரைக் குடவோலைக்கு எழுத முடியாது, கணக்குக் காட்டாதவனின் சொந்தக்காரனுக்கும் வாரியத்தில் இடமில்லை. பையன் பஸ்ஸைத் தவறவிட்டான்.

2025 ஜனவரி 5 அன்று திருமானூர்ப் பக்கத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். 2016க்கும் 2019க்கும் இடையிலும் இதே கதைதான். தலைவர் இருந்தவரை தினமும் சண்டை. இப்போது சண்டை போட ஆள் இல்லாமல் பெரியப்பா இளைத்துப்போனார். தனி அலுவலரான பி.டி.ஓ.வுக்கு எத்தனையோ ஊராட்சி, அவரை ஓர் ஊர்க்காரர் எத்தனை கேள்விதான் கேட்பது? பழைய தலைவரை வழியில் பார்த்தால் நிறுத்தி நலம் விசாரிக்கிறார். தலைவர் மிரண்டு போகிறார்.

ஆகஸ்ட் 15 கிராம சபை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ஊராட்சிச் செயலரிடம் தீர்மானப் புத்தகத்தை வாங்கி வரிவரியாகப் படித்தார். “தெருவிளக்கு பற்றி ‘விவாதிக்கப்பட்டது’ன்னு இருக்கு. விவாதிச்சது எனக்கே தெரியும். தீர்மானிச்சது எங்கே?”

“மாமா, மணி ரெண்டாவுது. பசிக்குது.”

“எழுதிட்டு சாப்பிடு.”

செயலர் எழுதினார். பெரியப்பா கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே மிச்சமிருந்த வெற்றிடத்தில் யாரும் எதையும் நுழைத்துவிடாதபடி ஸ்கேல் வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு காலையில் கொடியேற்றத்தின்போது கொடுத்த ஆரஞ்சு மிட்டாயைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் செயலர் கையில் வைத்துவிட்டு, “அடுத்தது அக்டோபர் ரெண்டுதானே?” என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார்.