கேள்வி-பதில்: அந்தரத்தில் மூன்று முறுக்கு

கேள்வி: ஜிம்னாஸ்டிக்ஸில் வோல்ட் மேசையைத் தாண்டும் வீரர் அந்தரத்தில் பம்பரமாய்ச் சுழல்கிறாரே, உந்தித் தள்ள அங்கே என்ன இருக்கிறது? (மாணவர், சிலாவத்துறை)

பதில்: ஒன்றுமில்லை. எல்லாம் உந்துபலகையிலும் மேசையிலும் வாங்கிக்கொண்டு போனது. ஓடிவந்த வேகம் அங்கேதான் கரணமாக மாறுகிறது. கை மேசையை விட்டபின் அந்தச் சுழற்சியின் மொத்த உந்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, பங்கு பிரிக்கலாம். விரித்த கைகளில் ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் சட்டென்று வீசினால் உடல் சற்றுச் சாயும். சாய்ந்ததும் கரணத்தில் ஒரு பங்கு முறுக்காகிவிடும். கைகளை நெஞ்சோடு ஒட்டினால் முறுக்கு வேகமெடுக்கும், விரித்தால் அடங்கும்.

கேள்வி: இதில் மகா கெட்டிக்காரர் யார்? (வாசகி, அரிப்பு)

பதில்: தென்கொரியாவின் யாங் ஹாக்-சொன். முன்பக்கமாகப் பாய்ந்து, உடலை நீட்டியபடி ஒரே கரணத்தில் மூன்று முழு முறுக்கு, 1080 பாகை! 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அந்தப் பாய்ச்சலுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஜப்பானின் ஷிராய் கென்ஸோ 2013இல் யுர்ச்சென்கோ முறையில், பின்கரணத்தில் மூன்று முறுக்குப் போட்டார். ஆனாலும் என் வாக்கு யாங்குக்கே. பின்கரணக்காரருக்குத் தரை முன்னமே கண்ணில் படும். முன்கரணக்காரருக்குக் கால் ஊன்றும் நேரம்வரை படாது.

கேள்வி: யுர்ச்சென்கோ யார், அவரும் ஆண் வீரரா? (கொண்டச்சி)

பதில்: பெண். சோவியத் வீராங்கனை நடாலியா யுர்ச்சென்கோ. பலகையில் முதுகு காட்டி ஏறும் அவரது முறையை ஆண்களும் எடுத்துக்கொண்டார்கள். மேசை மட்டும் ஆண்களுக்கு 10 சென்ரிமீற்றர் கூடுதல் உயரம்.

கேள்வி: இலங்கைக்கு இதெல்லாம் எட்டுமா? (மறிச்சுக்கட்டி)

பதில்: எட்டும். மில்கா கெஹானி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இறங்கி வழி திறந்துவிட்டார். நம்மைப் போல் தீவு நாடான பிலிப்பைன்ஸின் கார்லோஸ் யூலோ 2024 பாரிஸில் தரைப் பயிற்சியிலும் வோல்டிலும் அடுத்தடுத்த நாள் தங்கம் வென்றார்.

கேள்வி: கடற்கரை மணலில் குத்துக்கரணம் அடிப்பேன். முறுக்கையும் நானே பழகலாமா? (மாணவர், முள்ளிக்குளம்)

பதில்: வேண்டாம் தம்பி. முறுக்கு முடியுமுன் கால் ஊன்றினால், மிச்சச் சுழற்சி முழங்காலைத் திருகும். தேர்ந்த யாங்குக்கே குதிகால் நாண் அறுந்து 2016 ரியோவுக்குப் போக முடியவில்லை. இப்போதைக்கு மணலில் ஒரு கோடு போடு. நின்ற இடத்தில் எம்பி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அதே கோட்டில் இரு காலும் அசையாமல் நில். உன் ஆசையை உடற்கல்வி ஆசிரியரிடம் சொல். விளையாட்டுத்துறைப் பெரியோரே, இந்தப் பிள்ளைகளுக்குத் தடித்த மெத்தையும் முறையாகக் கற்ற பயிற்றுநர் ஒருவரும் கிடைக்க வழி செய்யுங்கள்.