ஆடும் கண்ணாடியை அடக்குவது எப்படி?

எங்கள் வேனில் தினமும் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் திருகு முடுக்கிச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஒருவர் சீட் பெல்ட் போல்ட்டை டார்க் ரெஞ்சால் முடுக்குகிறார். இன்னொருவர் அது முடுக்கப்பட்டதற்கு அடையாளமாக மஞ்சள் பெயின்ட் வைக்கிறார். அந்த மஞ்சள் பெயின்ட் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஆனால் எங்களைச் சுமந்து போகும் ஆம்னி வேனின் பின்பார்வைக் கண்ணாடி ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடத்தில் அதைச் சரி செய்தோம். அந்த இருபது நிமிடத்தை மட்டும் யாரும் எழுதிவிடலாம். ஆறு மாதத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் முழுமையான கையேடு.

ஆம்னி என்றதும் படுக்கை வசதியுள்ள ராத்திரி பஸ்ஸை நினைக்க வேண்டாம். சினிமாவில் கதாநாயகியைக் கடத்த வருமே, பக்கக் கதவு சறுக்கித் திறக்கும் மாருதி வேன், அது. 1984-ல் அறிமுகமாகி 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் நிசானும் பாரத்பென்ஸும் என்று சுற்றிலும் வண்டியாகச் செய்து தள்ளும் வட்டாரத்தில், நாங்கள் வேலைக்குப் போவதோ ஹரியானாவில் பிறந்த வண்டியில். அதன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் இறுக்கித்தான் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அதில் பட்ட கைகள்தான் காரணம்; எங்கள் கைகளும் அதில் அடக்கம்.

படி 1: காரணம் கண்டறிக

எது பழுதானாலும் ஐந்து முறை 'ஏன்' கேள் என்பது டொயோட்டாவில் பிறந்த முறை. எங்கள் கம்பெனிகளில் அதைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வேனிலும் செய்து பார்த்தோம். கண்ணாடி ஏன் ஆடுகிறது? திருகு தளர்ந்துவிட்டது. ஏன் தளர்ந்தது? வேகத்தடையில் குலுங்கி. ஏன் இத்தனை வேகத்தடை? லாரிகள். ஏன் இத்தனை லாரி? கம்பெனிகள். ஏன் இத்தனை கம்பெனி? அரசின் தொழிற்கொள்கை. அதை முடுக்கும் அளவுக்கு எங்களிடம் ஸ்பேனர் இல்லை. அதற்குள் வண்டியும் கேட்டுக்கு வந்துவிட்டது.

உண்மையில் ஒரு 'ஏன்' போதும். வண்டியை நிறுத்தி, கண்ணாடியைத் தாங்கும் தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியை அசைக்க வேண்டும். தண்டே கூரையோடு சேர்ந்து ஆடினால் திருகு தளர்ந்திருக்கிறது. தண்டு நின்று கண்ணாடி மட்டும் தலையாட்டினால் நடுவிலுள்ள பந்து மூட்டு தேய்ந்திருக்கிறது. இரண்டும் நின்று உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால், கண்ணாடிச் சில்லு தன் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஆடுகிறது. எங்கள் வண்டியில் மூன்றும் இருந்தன.

இங்கே மனம் தளரக் கூடாது. ரே ஹாரூன் என்கிற அமெரிக்கர் 1911-ல் முதல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஜெயித்தார். மற்றவர்கள் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கைக் கூடவே உட்கார வைத்திருந்தார்கள். அவரோ ஆளுக்குப் பதில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு தனியாக ஓட்டினார். செங்கல் பாவிய தடத்தில் அந்தக் கண்ணாடி குலுங்கிய குலுங்கலில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அதாவது, பேர்பெற்ற முதல் பின்பார்வைக் கண்ணாடியே ஆடிய கண்ணாடிதான். நாம் ஒரு மரபைத் தொடர்கிறோம், அவ்வளவுதான்.

படி 2: தற்காலிக ஏற்பாடுகள் அனைத்தையும் செய்து முடிக்கவும்

நிரந்தரமான வேலைக்கு முன் தற்காலிகமானவை தீர வேண்டும். முதல் மாதம் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகினோம். இரண்டாம் மாதம் கறுப்பு இன்சுலேஷன் டேப். வெயில் ஏறியதும் அது பசையைக் கக்கிக்கொண்டு வழுக்கியது. மூன்றாம் மாதம் ரப்பர் பேண்ட். நான்காம் மாதம் ஒருவர் எம்-சீல் பிசைந்து மூட்டில் அப்பிவிடலாம் என்றார். எம்-சீல் நிற்கும், சிக்கலே அதுதான். பந்து கல்லாகிவிட்டால் கண்ணாடியைத் திருப்ப முடியாது. அதன் பிறகு கண்ணாடிக்கு ஏற்றபடி டிரைவர்தான் கழுத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் மாதம் டிரைவர் அண்ணன் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் கண்ணாடியுமாக ஓட்டத் தொடங்கினார். இதற்கும் முன்னோடி உண்டு. டோரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1909-ல் எழுதிய புத்தகத்தில், கார் ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவ்வப்போது உயர்த்திப் பின்னால் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் காலத்தில் எதிரே கன்டெய்னர் லாரி வரவில்லை.

படி 3: கழுத்துப் பாரத்தை இறக்கவும்

கண்ணாடியின் கழுத்தில் தொங்குபவற்றை எடைபோட்டுப் பாருங்கள். எங்கள் வண்டியில் வேளாங்கண்ணி ஜெபமாலை, சிவப்புக் கயிறு, பிளாஸ்டிக் மல்லிகைச் சரம், 786 எழுதிய தகடு, யாருடையதென்று தெரியாத பழைய அடையாள அட்டை, தலையாட்டும் நாய்க்குட்டி ஆகியவை இருந்தன. வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பாரம் ஊஞ்சலாடி, தண்டை நெம்புகோலாக்கித் திருகை நெம்பும். அதோடு முன் கண்ணாடியில் பாதி இடத்தையும் மறைக்கும்.

எல்லாத் தெய்வங்களையும் டாஷ்போர்டுக்கு இறக்கினோம். யாரை முதலில் இறக்குவது என்பதில் கால் மணி நேரம் போயிற்று. நாய்க்குட்டியிலிருந்து தொடங்கலாம் என்று ஒருமனதாக முடிவானது.

படி 4: கழற்றவும்

இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் கண்ணாடித் தண்டு, முன் கண்ணாடிக்கு மேலே கூரைத் தகட்டில் திருகால் பொருத்தப்பட்டிருக்கும். எத்தனை திருகு இருந்தது என்று துளைகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். எத்தனை இருக்கிறது என்பது வேறு கணக்கு.

தலைக்குச் சரியான ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். சின்னதை வைத்துத் திருப்பினால் திருகின் தலை வழுவழுப்பாகி, பிறகு எதற்கும் அசையாது. மேல் நோக்கி அழுத்திக்கொண்டே மெதுவாகத் திருப்ப வேண்டும். காந்தம் ஏறிய முனையாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் திருகு கீழே விழும். ஆம்னியில் முன் சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின். அங்கே விழுந்த திருகைத் தேடப் போனால் கண்ணாடி வேலை எஞ்சின் வேலையாக மாறிவிடும்.

படி 5: மரை

தமிழில் மனிதருக்கும் திருகுக்கும் ஒரே நோய்: மரை கழன்றுவிடுவது. தகடு மெல்லியது, இருபது வருடக் குலுங்கலில் அதிலுள்ள மரை தேய்ந்து, திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை இன்னும் பலமாகத் திருப்புவதால் பயனில்லை. மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான்.

ஒரு சுற்றுப் பருமன் கூடிய, தானே மரை போட்டுக்கொள்ளும் திருகை வாங்கி, அடியில் ஸ்பிரிங் வாஷர் கொடுத்து முடுக்க வேண்டும். பருமன் கூடலாம், நீளம் கூடக் கூடாது. உள்தகட்டுக்கு மேலே மிச்சம் இருப்பது வண்டியின் கூரைதான். நீளத் திருகு அதைக் கீழிருந்து முட்டும். ஐப்பசி மழை அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

எவ்வளவு இறுக்குவது? கம்பெனியில் இதற்கு நியூட்டன் மீட்டரில் அளவு உண்டு. ஞாயிற்றுக்கிழமை உண்டானது, 'இன்னும் கால் சுத்து, போதும், ஐயையோ போதும்' என்கிற அளவு.

படி 6: பந்து மூட்டு

பந்தைக் கவ்வும் கிண்ணத்தில் சின்னத் திருகு இருந்தால் அதை முடுக்கினால் போதும். இல்லாவிட்டால் பந்தைக் கழற்றி, துடைத்து, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துணுக்கு வெட்டி இடையில் வைத்து அழுத்தலாம். ரப்பர் குலுங்கலை வாங்கிக்கொள்ளும். எண்ணெய் மட்டும் விடக் கூடாது. சத்தம் வந்தால் எண்ணெய் விடுவது நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் இங்கே நமக்கு வேண்டியது வழுக்கல் இல்லை, உராய்வு.

பந்து சிதைந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் 2000-லிருந்து கண்ணாடி உருக்கி வார்க்கிறது. இருந்தாலும் ஒரு சாண் நீளக் கண்ணாடி ஒன்று வேண்டுமானால் பஸ் ஏறிப் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். அங்கே உடைத்த வண்டிகளின் கண்ணாடிகள் குவியலாகக் கிடக்கும். வாங்கும் முன் ஆட்டிப் பாருங்கள். ஆடாத ஒன்றைத் தேட ஒரு மணி நேரம் ஆகும்.

படி 7: ஒட்டும் வகைக்காரர்களுக்கு

முன் கண்ணாடியிலேயே உலோகப் பொத்தான் ஒட்டி அதில் மாட்டும் வகை என்றால் வேலை வேறு. கழன்றதை உடனே ஒட்டும் பசையால் ஒட்டக் கூடாது. அந்த வகைப் பசை சீக்கிரம் பிடிக்கும். கத்திரி வெயிலிலும் குலுங்கலிலும் நொறுங்கும். இதற்கென்றே பசை தனியாக விற்கிறது.

பொத்தான் இருந்த இடத்தை முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் குறித்துக்கொள்ளவும். பழைய பசையை பிளேடால் சுரண்டவும். உப்புத்தாளைப் பொத்தானில் தேய்க்கவும், கண்ணாடியில் அல்ல. இரண்டையும் ஸ்பிரிட்டால் துடைத்த பின் விரல் படக் கூடாது. நிழலில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது ஒட்டி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். 'ஒட்டிடுச்சா?' என்று எடுத்துப் பார்ப்பவரை டீ வாங்கிவர அனுப்பிவிடவும். பொத்தானில் கண்ணாடியை மாட்டுவது மறுநாள்.

படி 8: திசை வைக்கவும்

ஓட்டுகிறவர்தான் வைக்க வேண்டும், அதுவும் வழக்கமாக உட்காருவது போலச் சாய்ந்து உட்கார்ந்து. பரீட்சைக்கு உட்காருவது போல நிமிர்ந்து வைத்தால், பத்தாவது நிமிடம் முதுகு சரிந்ததும் கூரைதான் தெரியும். பின் கண்ணாடி முழுக்கச் சட்டத்துக்குள் வர வேண்டும்.

சில கண்ணாடிகளின் அடியில் சின்னப் பிடி ஒன்று இருக்கும். அது தூசி தட்ட அல்ல. கண்ணாடியை ஆப்பு வடிவில், ஒரு விளிம்பு தடிப்பாக அறுத்திருப்பார்கள். பிடியைத் தள்ளினால் பின்புற ரசப் பூச்சின் பிம்பம் கூரைக்குப் போய்விடும். முன்புற வெறும் கண்ணாடி திருப்பும் மங்கலான வெளிச்சம் மட்டும் கண்ணுக்கு வரும். இரவு ஷிப்டில் வாலாஜாபாத் சாலையில் பின்னால் ஹைபீம் போட்டு வரும் லாரியிடமிருந்து காப்பது இதுதான்.

திங்கட்கிழமை காலை. வண்டி புறப்பட்டது. முதல் வேகத்தடை, இரண்டாவது, மூன்றாவது. கண்ணாடி அசையவில்லை. எல்லோரும் கை தட்டினோம். நான் வழக்கம் போல இரண்டு சீட்டுக்கு நடுவே போட்ட பலகையில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். அவர் உதடு அசைவதைக் கவனித்தேன். எண்ணிக்கொண்டிருந்தார். எட்டுப் பேருக்கான வண்டியில், அவரையும் சேர்த்துப் பதினோரு பேர்.

"தம்பி, ரொம்ப நல்லாத் தெரியுதுப்பா" என்றார்.

பிறகு கட்டைவிரலால் கண்ணாடியை மெல்லக் கூரைப் பக்கம் திருப்பி வைத்தார். வேலை சுத்தமாக முடிந்திருக்கிறது. திருப்பிய இடத்திலேயே நிற்கிறது.