300 யூரோவுக்கு எதிரொலி வாங்குவது எப்படி?

டோர்ட்மண்டில் இருக்கிறீர்கள். பாட வரும், இல்லாவிட்டால் யூடியூபில் கதைக்கவாவது வரும். கையில் 300 யூரோ இருக்கிறது. கீழே சொல்வதை வரிசை தவறாமல் செய்யுங்கள். ஒரு நல்ல பதிவுகூடத் தப்பிவிடாது.

1. எதைப் பதியப்போகிறீர்கள் என்று யோசிக்க வேண்டாம். முதலில் மைக். பெட்டியில் ‘ஸ்டூடியோ’ என்ற சொல் எதில் கூடுதலாக அச்சாகியிருக்கிறதோ, அதை எடுங்கள்.

2. டைனமிக் மைக் பக்கம் திரும்பாதீர்கள். அந்த வகை ஷூர் எஸ்எம்58 வந்தது 1966இல். இன்றும் 100 யூரோ அளவில் கிடைக்கிறது, விழுந்தாலும் உழைக்கிறது, வாயருகே பிடித்தால் உங்கள் குரலைத் தவிர வேறொன்றையும் பெரிதாக எடுக்காது. இதில் என்ன சுவாரசியம்? கன்டென்சர் மைக் வாங்குங்கள். மேல்மாடி வாஷிங் மெஷினும் அதற்குக் கேட்கும். போர்சிக்பிளாட்ஸ் பக்கம் வீடென்றால் 44ஆம் இலக்க டிராம் பல்லவிக்குத் தாளம் போடும். மஞ்சள் சட்டைக்காரர் உதைபந்தாட்டம் முடிந்து பாடிக்கொண்டு வரும் சனிக்கிழமை மாலையைப் பதிவுக்கென்றே ஒதுக்குங்கள்.

3. கன்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதை மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நிற்கும் இன்டர்பேஸ்தான் கொடுக்கும். ஆகவே இன்டர்பேஸ் வாங்காதீர்கள். 1989இல் டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்து வில்லிச்சில் தொடங்கிய பெரிங்கர், அதை மலிவாகவே செய்து விற்கிறது. மலிவு என்ற ஒரு குற்றம் போதாதா? மைக் வயரை எப்படியாவது லேப்டாப்பில் சொருகுங்கள். சத்தம் வரவில்லையா? மைக் பழுது என்று தீர்ப்பு எழுதிவிட்டு, இன்னும் விலை கூடியதைத் தேடுங்கள்.

4. பழைய கட்டடம், உயரக் கூரை, வெறுஞ்சுவர், பலகைத் தரை: அறையின் நட்டநடுவில் நில்லுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரிக்கு முன்னால் மட்டும் நிற்க வேண்டாம். துணி எதிரொலியைக் குடித்துவிடும், அதுவும் இலவசமாக. மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம் போதும் என்பார்கள்; நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளிப் போங்கள். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் குரல் 6 டெசிபெல் இறங்கும். அறையின் முழக்கம் அசையாது. அங்கே நின்று நீங்கள் பதிவது பாட்டை அல்ல, வாடகை வீட்டை.

5. பெரிய கன்டென்சர் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் கேட்கும். அதன் உச்சியைப் பார்த்துப் பாடுங்கள்.

6. யாராவது இன்டர்பேஸ் இரவல் தந்தால், அதன் கெயின் குமிழைக் கடைசிவரை திருகுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் பதிவு சிறப்பு என்று பொருள்.

7. தமிழாலயப் பள்ளியின் ஆண்டு விழாவில் மேடை கிடைத்ததா? மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடியுங்கள், படத்தில் பாடகர்கள் பிடிப்பார்களே, அப்படி. பின்பக்கச் சத்தத்தைத் தள்ளுவதற்கென்று விட்ட துவாரங்கள் அடைபடும், மைக் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கும், ஸ்பீக்கர் ஊளையிடும். உடனே சவுண்ட் பார்க்கும் அண்ணையைத் திரும்பி முறையுங்கள். மண்டபம் முழுவதும் உங்கள் பக்கம் நிற்கும். (இந்தப் படியை யாருக்கும் நான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததே இல்லை.)

8. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேரைப் பதியப் போகும்போது காற்றுக்குப் போடும் பஞ்சுறையை வீட்டில் விட்டுவிடுங்கள். நாதஸ்வரம் போன வருடமும் கேட்டதுதான். காற்று புதுசு.

9. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. பெட்டியை 15ஆம் நாள் உடையுங்கள்.

10. அம்மம்மா ஊர்க்கதை சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்தி மறியுங்கள்: “அம்மம்மா, கொஞ்சம் பொறுங்கோ, ஸ்டாண்ட் இன்னும் வரேல்லை.” அவ பொறுக்கமாட்டா. நீங்கள் பார்சலைத் தேடிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி தன் போனை அவவுக்குப் பக்கத்தில், மெத்தையில் வைத்துப் பதிந்துவிடுவா. வாங்கிக் கேளுங்கள். கிணற்றடி, சைக்கிள், கப்பல் என்று ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கும். வெறும் போனில் பதிந்தது என்பதால், அழித்துவிடுங்கள்.