டி டிரைவ் மகாத்மியம்

ஒலிப்பதிவுக்குத் தனி ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்பது வீட்டு ஸ்டுடியோக்காரர்களின் வேதவாக்கு. நியாயம்தான். விண்டோஸ் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் ஹெட்டை இழுத்தடித்தால் நடுவில் ‘டப்’பென்று வெட்டும். நம் சிக்கன சிகாமணிகளோ இருக்கிற டிஸ்க்கையே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ‘டி’ என்று பெயர்சூட்டிப் பாகப்பிரிவினையை முடித்துவிடுகிறார்கள். அடுப்பு என்னவோ ஒன்றுதான்! ஹெட்டுக்கு அலைச்சல் கூடியதுதான் மிச்சம்.

வசதிக்காரர்கள் நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க்கையே வாங்கி மாட்டுகிறார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 9 எம்பிகூடத் தின்னாது. பதிவாவதோ ஒரு குரல், ஒரு கிட்டார். மிச்ச இடமெல்லாம் மச்சான் கல்யாண வீடியோ. குரலுக்குப் பின்னால் புது டிஸ்க்கின் ரீங்காரம் மட்டும் மைக்கில் துல்லியமாக விழுகிறது, சுருதி பிசகாமல்.